1930களின் அறிபுனை ரசிகர் தன் இதழை எப்படி அச்சடித்தார்? (பாப் டக்கர் கட்டுரைக்கு விவரம் தேவை)

தாளடி எழுதியது:

வணக்கம். அமெரிக்க அறிபுனை (அறிவியல் புனைகதை) ரசிகரும் எழுத்தாளருமான பாப் டக்கரைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று தயாராகிறது. வாழ்க்கைக் குறிப்பு ஓரளவு கைவசம் இருக்கிறது. முழுப்பெயர் ஆர்தர் வில்சன் டக்கர். 1914 நவம்பர் 23 அன்று இல்லினாய் மாநிலத்தின் டீர் க்ரீக்கில் பிறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதி அதே மாநிலத்து ப்ளூமிங்டனில் கழிந்தது. திரையரங்கில் ப்ரொஜெக்டர் ஆபரேட்டர் வேலை. 1932இல் 'தி பிளானெட்டாய்ட்' என்ற ரசிகர் இதழ், 1938 முதல் 'லெ ஸோம்பி', 1941இல் முதல் சிறுகதை, 1946இல் முதல் நாவல். 2006இல் மறைந்தார்.

இடிப்பது இதழ் தயாரிப்பு. "அந்தக் காலத்து ஃபேன்ஸீன்கள் (ரசிகர் இதழ்கள்) ஜெலட்டினில் ஊதா மையில் அச்சாயின" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோக மனமில்லை. கேட்க விரும்புவது:

ஜெலட்டின் முறையில் உண்மையில் என்ன நடக்கிறது? ஏன் 50 பிரதிகளோடு நின்றுபோகிறது? மெழுகு ஸ்டென்சில் வழியாக மை இறக்கும் சைக்ளோஸ்டைலுக்கு மாறினால் என்ன கிடைத்தது? ஒரு இதழுக்கு எவ்வளவு தாள், எவ்வளவு தபால் செலவு? ஸ்கேனைப் பார்த்து எந்த முறை என்று சொல்ல முடியுமா?

கட்டுரையின் தொடக்கம் இப்படி இருக்கிறது: "1926இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் அமேசிங் ஸ்டோரீஸ் மூலம் ரசிகர் மன்றத்தைத் தொடங்கினார். அதில் உருவான முதல் தலைமுறையில் ஒருவர் டக்கர். இரவில் ப்ரொஜெக்டர் அறையில் படம் ஓடிக்கொண்டிருக்க, அவர் தட்டச்சில் ஸ்டென்சில் வெட்டிக்கொண்டிருந்தார்." தவறிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

மெழுகுத்தாள் எழுதியது:

ஜெலட்டினிலிருந்தே தொடங்கலாம். பெயர் ஹெக்டோகிராஃப். 'ஹெக்டோ' என்றால் கிரேக்கத்தில் நூறு. விற்றவர்களின் ஆசை அது. படிக்கும்படி வருவது 50, அதிலும் கடைசிப் பத்து கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியவை.

பழைய செய்முறைக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் அளவு 1 அவுன்ஸ் ஜெலட்டினுக்கு 6½ அவுன்ஸ் கிளிசரின். இன்றைய கணக்கில் 28 கிராமுக்கு 185 கிராம். ஜெலட்டினை இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, காலையில் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். கிளிசரினை நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 90 டிகிரி செல்சியஸ் தாண்டும்வரை சூடாக்கி, ஊறிய ஜெலட்டினைப் போட்டுக் கரைத்து, சில மணி நேரம் அதே சூட்டில் விட வேண்டும். ஜெலட்டின் குடித்த நீர் ஆவியாக வெளியேறத்தான் இந்தக் காத்திருப்பு. இதில் அவசரப்பட்டால் பலகை இறுகினாலும் மேலே ஈரம் கசியும், எழுத்து பரவும். பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கடைசியில் சில சொட்டு கிராம்பு எண்ணெய் விடுவார்கள்.

தட்டில் ஊற்றியதும் மேலே குமிழ் மிதக்கும். இறுகுவதற்கு முன் ஒரு தாளின் விளிம்பால் மேற்பரப்பை வழித்து அவற்றை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு குமிழும் எல்லாப் பிரதியிலும் வெள்ளைப் புள்ளியாக வரும். 9க்கு 12 அங்குலத் தட்டில் மேலே சொன்ன அளவு 3 மில்லிமீட்டர்தான் நிற்கும். ஒரு சென்டிமீட்டர் தடிமன் வேண்டுமானால் மூன்றரை மடங்கு செய்ய வேண்டும். மெல்லிய பலகை சீக்கிரம் கிழியும். சாயம் இறங்கி மறையவும் அதில் ஆழம் இருக்காது.

இனி அச்சு. மூலப்பக்கத்தை அனிலின் சாயம் ஏற்றிய ரிப்பனிலோ மையிலோ பென்சிலிலோ வழவழப்பான கெட்டித் தாளில் தயாரிக்க வேண்டும். சொரசொரப்பான தாள் சாயத்தைத் தானே குடித்துவிடும், ஜெலட்டினுக்குக் கொடுக்காது. பலகையை ஈரப் பஞ்சால் துடைத்து, நீர் தேங்காமல் ஒற்றி எடுத்து, மூலத்தைக் குப்புற வைத்து உள்ளங்கையால் தடவிவிட்டு இரண்டு முதல் ஐந்து நிமிடம் விடவேண்டும். எடுத்ததும் ஜெலட்டினில் எழுத்து இடவலம் மாறித் தெரியும். அதன்மேல் வெற்றுத்தாளை வைத்து எடுத்தால் நேராகிவிடும். முதல் பத்துப் பிரதிக்கு ஒரு தொடுகை போதும். போகப்போகத் தாள் அதிக நேரம் படிந்திருக்க வேண்டும். உரிப்பதை எப்போதும் ஒரு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் ஜெலட்டின் தோலும் கூடவே வரும்.

ஏன் 50? சைக்ளோஸ்டைலில் மை உருளையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். இங்கே மூலம் கொடுத்த சாயம்தான் மொத்த முதல். ஒவ்வொரு தாளும் அதில் ஒரு பங்கை எடுத்துப்போகிறது. ஊதா ஏன் என்பதற்கும் இதுதான் பதில். மெதில் வயலெட் மிகக் கொஞ்சமாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் வலிமையான சாயம். சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் இருந்தன, ஆனால் ஊதாவுக்கு முன்பே வெளுத்துவிடும். ஒரே மூலத்தில் பல நிறம் வரைந்து ஒரே தொடுகையில் எடுக்கலாம் என்பது ஹெக்டோகிராஃபின் பெரிய கவர்ச்சி. ஏழை ரசிகரின் வண்ண அட்டை அதுதான்.

கட்டுரையில் விடாமல் சொல்ல வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பக்கம் எடுத்தபின், மிச்சச் சாயம் கீழே இறங்கி மறையப் பலகையை ஏறத்தாழ ஒரு நாள் சும்மா விடவேண்டும். வெதுவெதுப்பான நீரில் துடைத்து அவசரமாக மறுபடி பயன்படுத்தலாம்தான், ஆனால் மேற்பரப்பு கெடும், பழைய எழுத்தின் நிழல் புதிய பக்கத்தில் வரும். ஒரு தட்டு இருந்தால் 10 பக்க இதழுக்குப் பத்து நாள். இரண்டு தட்டு என்றால் ஐந்து. வெயில் காலத்தில் பலகை இளகித் தாளோடு ஒட்டும். வறண்ட குளிரில் சுருங்கி ஓரம் வெடிக்கும். "மாத இதழ்" என்று அட்டையில் போட்டுவிட்டு மூன்று மாதம் காணாமல் போனவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிவிடாதீர்கள்.

---

அரைக்காசு எழுதியது:

மெழுகுத்தாள் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்வார். வரலாற்று வரிகளைத் திருத்துகிறேன்.

அமேசிங் ஸ்டோரீஸ் முதல் இதழ் 1926 ஏப்ரல். அது வணிகப் பத்திரிகை, மன்றம் அல்ல. ரசிகர் உலகம் அதிலிருந்து முளைத்ததற்குக் காரணம் வாசகர் கடிதப் பகுதி. கடிதம் எழுதியவரின் முழு முகவரியும் பெயரோடு அச்சானது. ஒரே ஊரில் இரண்டு வாசகர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது அப்படித்தான். கெர்ன்ஸ்பேக் 1929இல் அமேசிங்கை இழந்தார். அவர் தொடங்கிய ரசிகர் மன்றமான சயின்ஸ் ஃபிக்ஷன் லீக் 1934இல், அவரது அடுத்த பத்திரிகையான வொண்டர் ஸ்டோரீஸ் வழியாக வந்தது. உங்கள் முதல் வாக்கியம் எட்டு ஆண்டு இடைவெளியை ஒன்றாக அமுக்கிவிட்டது.

அடுத்தது 'ஃபேன்ஸீன்' என்ற சொல். அதை உருவாக்கியவர் லூயிஸ் ரஸ்ஸல் சோவனே, 1940 அக்டோபரில், தன் 'டிட்டூர்ஸ்' இதழில். அதற்கு முன் 'ஃபேன்மேக்' என்றுதான் புழங்கியது. 1932இல் டக்கர் "ஃபேன்ஸீன் தொடங்கினார்" என்று உங்கள் குரலில் எழுதலாம். அவர் வாயில் வைக்கக் கூடாது.

முதல் ரசிகர் இதழ் எது என்பதில் யாராவது உங்களோடு சண்டைக்கு வருவார்கள். பொதுவாகச் சொல்லப்படுவது 1930 மே மாதத்து 'தி காமெட்'. சயின்ஸ் கரஸ்பாண்டன்ஸ் கிளப்பின் இதழ், ஆசிரியர் ரே பால்மர். அதில் அறிவியல்தான் தூக்கல் என்று சொல்பவர்கள் 1932 ஜனவரியின் 'தி டைம் டிராவலர்' பக்கம் நிற்பார்கள். ஆலன் கிளாஸர், மார்ட் வைசிங்கர், ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் குழுவின் இதழ் அது. இரண்டையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அதே 1932இல் க்ளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல் சைக்ளோஸ்டைலில் நடத்திய 'சயின்ஸ் ஃபிக்ஷன்' இதழையும் நினைவில் வையுங்கள். 1933 ஜனவரியில் ஜோ ஷஸ்டர் படத்தோடு அதில் வந்த கதையின் தலைப்பில்தான் 'சூப்பர்மேன்' என்ற பெயரை அந்த இருவரும் முதலில் பயன்படுத்தினார்கள். ஐந்து இதழோடு அது நின்றது. டக்கரின் பிளானெட்டாய்ட் பிறந்த ஆண்டு எப்படிப்பட்டது என்று வாசகருக்குப் புரிய இது உதவும்.

இனி காசு. 1932 ஜூலையிலிருந்து அமெரிக்காவில் முதல் வகுப்புத் தபால் ஒரு அவுன்ஸுக்கு 3 சென்ட், அஞ்சலட்டை 1 சென்ட். அறிபுனை வணிகப் பத்திரிகையான அஸ்டவுண்டிங் ஒரு பிரதி 20 சென்ட். தாளைத் தராசில் போட்டுப் பாருங்கள். 20 பவுண்டு வகைத் தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குல அளவில் ஏறத்தாழ 4.5 கிராம். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம். ஆறு தாள் 27 கிராம், ஸ்டேப்ளர் பின்னோடு சேர்ந்தும் உள்ளே நிற்கும். உறை போட்டால் ஒரு தாளைத் தியாகம் செய்ய வேண்டும். அதனால்தான் பல இதழ்களின் கடைசிப் பக்கத்தில் பாதி வெற்றாக இருக்கும். மடித்து, அந்தப் பாதியில் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டி உறையில்லாமல் அனுப்புவார்கள். அச்சுத்தாள் வகுப்பு இன்னும் மலிவு. ஆனால் அதற்கு உறையை ஒட்டக் கூடாது, உள்ளே தனிப்பட்ட குறிப்பு எழுதினால் முதல் வகுப்புக் கட்டணம், முகவரி மாறியவருக்குப் பின்தொடர்ந்து போகாது. இடம் மாறிக்கொண்டே இருந்த இளைஞர்களின் சேகரிப்பில் இடையிடையே இதழ்கள் விடுபட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தா பெரும்பாலும் சில்லறையாக வந்தது. நாணயத்தை வெறுமனே போட்டால் உறையைக் கிழித்துக்கொண்டு விழும், அதனால் அட்டைத்துண்டில் ஒட்டி அனுப்புவார்கள். ஆனால் சந்தா முதன்மை வருமானம் என்று நினைக்க வேண்டாம். உண்மையான நாணயம் பரிமாற்றம்தான். என் இதழ் உனக்கு, உன் இதழ் எனக்கு. கூடவே விமர்சனக் கடிதம். இதழை வாங்கிவிட்டு ஒரு வரிகூட எழுதாதவர் பெயர் பட்டியலிலிருந்து போகும்.

---

ஓரச்சட்டம் எழுதியது:

ப்ரொஜெக்டர் அறைக் காட்சியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது, வேலையோடு ஒட்டவில்லை.

1930களின் பிற்பாதியில் அமெரிக்க அரங்குகளுக்கு வந்த ரீல் 2,000 அடி. ஒலிப்படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், ஆக ஒரு ரீலுக்கு ஏறத்தாழ 22 நிமிடம். இரண்டு மெஷின் இருக்கும். முதல் ரீல் முடியும் நேரத்தில் திரையின் மேல்மூலையில் புள்ளி மின்னும். முதல் புள்ளிக்கு அடுத்த மெஷினின் மோட்டாரை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும். அதன்பின் ஓடி முடிந்த ரீலைச் சுற்றிவைத்து, அடுத்ததைப் பூட்ட வேண்டும். வெளிச்சம் கார்பன் தண்டுகளுக்கு இடையிலான மின்வில். தண்டு எரிந்து குறையக் குறைய இடைவெளியைக் கவனிக்காவிட்டால் திரை மஞ்சளாகும் அல்லது அணையும். ஃபிலிம் நைட்ரேட். தீப்பிடித்தால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அதனால்தான் அந்த அறைகளுக்குத் தானாக விழுந்து மூடும் இரும்புத் தடுப்புகள் வைத்தார்கள். 22 நிமிடத்துக்குள் குறிப்பு எழுதலாம், கடிதம் படிக்கலாம். மெழுகு ஸ்டென்சிலைப் பிழையில்லாமல் வெட்டும் இடம் அது என்று ஆதாரமில்லாமல் எழுத வேண்டாம்.

---

தாளடி எழுதியது:

அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன் (கொஞ்சம் வலித்தது). மெழுகுத்தாள், சைக்ளோஸ்டைல் பகுதிக்குக் காத்திருக்கிறேன். இன்னொன்று: டக்கர் 1936இல் இறந்துவிட்டதாக ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. பிழையா?

---

அரைக்காசு எழுதியது:

பிழையில்லை, புரளி. பின்னணி தெரியாமல் எழுதினால் சிக்கல், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1930களின் நடுவில் அஸ்டவுண்டிங்கின் வாசகர் கடிதப் பகுதியான 'பிராஸ் டாக்ஸ்'இல் டக்கர் ஒரு கழகத்தை அறிவித்தார். அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளில் கம்பிப் பின் போடுவதைத் தடுக்கும் கழகம். பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வாயில் நுழையாது, நகைச்சுவையே அதுதான். உடனே நியூயார்க்கில் இன்னொரு ரசிகரான டொனால்ட் வோல்ஹைம் இன்னும் நீளமான பெயரோடு உலோகப் பின்களை ஆதரிக்கும் எதிர்க்கழகம் அமைத்தார். இரு தரப்பும் பட்டம், பதவி, ஆளுக்கொரு இதழ் என்று போர் நடத்தின. டக்கர் தரப்பு இதழ் 'டி'ஜர்னல்'. 1936இல் டக்கர் இறந்துவிட்டதாக அஸ்டவுண்டிங்குக்குக் கடிதம் போனது, ஆசிரியர் எஃப். ஆர்லின் ட்ரெமெய்ன் நம்பி வெளியிட்டார். உண்மை தெரிந்ததும் கம்பிப் பின் போரும் அடங்கியது. அவரைப் பற்றி மறைவுப் புரளி பின்னாலும் ஒருமுறை கிளம்பியது. 1930, 40களின் ரசிகர் இதழில் "டக்கர் காலமானார்" என்று பார்த்தால் தேதியை மட்டும் பார்க்காதீர்கள், யார் எழுதியது என்று பாருங்கள்.

'ஹோய் பிங் பாங்' என்ற பெயரில் வரும் பகடிகளும் டக்கருடையவை. ஒரே இதழில் இரண்டு பெயரிலும் இருப்பார், இரண்டு ஆளாக எண்ணிவிடாதீர்கள். எதிர்த்திசையிலும் ஒரு பழக்கம் அவருக்கு உண்டு. தன் கதைமாந்தருக்கு நண்பர்களின் பெயரை வைப்பார். அந்த வழக்கத்துக்கே 'டக்கரைசேஷன்' என்று பெயர் நிலைத்துவிட்டது. 'ஸ்பேஸ் ஆபரா' என்ற சொல்லும் அவருடையதுதான், 1941இல் லெ ஸோம்பியில் வந்தது. பாராட்டாக அல்ல, தேய்ந்துபோன விண்கலக் கதைகளைத் திட்டுவதற்காக உருவாக்கினார். இன்று அது பெருமைப் பெயராகிவிட்டதால், பல கட்டுரைகள் தலைகீழாக எழுதுகின்றன.

---

மெழுகுத்தாள் எழுதியது:

சைக்ளோஸ்டைல். அமெரிக்காவில் மிமியோகிராஃப் என்பார்கள், 1887இல் ஏ. பி. டிக் நிறுவனம் எடிசனின் காப்புரிமையைக் கொண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. இங்கே எழுத்து என்பது சாயம் அல்ல, ஓட்டை. மெழுகு பூசிய நார்த்தாளில் தட்டச்சு எழுத்து மெழுகை விலக்கி வழி திறக்கிறது. உருளையின் உள்ளிருந்து மை அந்த வழியாகத் தாளுக்கு இறங்குகிறது. மை தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். எல்லை ஸ்டென்சில் கிழிவதுதான். சில நூறு பிரதிகள் எளிது.

வெட்டும்போது ரிப்பனை விலக்கி வைக்க வேண்டும், உலோக எழுத்து நேரடியாக மெழுகில் பட வேண்டும். எழுத்துமுகப்பைப் பல்விளக்கும் பிரஷ் போன்ற ஒன்றால் ஒவ்வொரு ஸ்டென்சிலுக்கும் முன் தேய்க்காவிட்டால், முந்தைய மெழுகு 'e', 'a' குழிகளில் அடைத்து எழுத்து மங்கும். அடி கடினமானால் 'o' முழுவட்டமாகக் கத்தரித்துக் கீழே விழும், பிரதியில் கரும்பொட்டு. முற்றுப்புள்ளியும் அப்படித்தான், ஆனால் அதற்கு இன்னும் மெல்ல அடிக்க வேண்டும். ஒரே அழுத்தத்தில் எல்லா விசைப்பலகைக் குறியையும் அடிப்பவர் புதியவர் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பிழை நேர்ந்தால் திருத்தத் திரவத்தை மெல்லிய பிரஷ்ஷால் பூசி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி மெதுவாக அடிக்க வேண்டும். காயுமுன் அடித்தால் எழுத்து கட்டியாகும், கெட்டியாகப் பூசினால் எழுத்தே விழாது.

படம் வரைவது தனி வித்தை. பின்னால் வெளிச்சம் வைத்து, ஸ்டென்சிலுக்கடியில் தகடு வைத்து, உருண்டை முனை கொண்ட ஊசியால் கீற வேண்டும். கறுப்புப் பரப்பை நிரப்ப முயன்றால் அந்தப் பகுதி மொத்தமாகப் பெயர்ந்துவிடும். அதனால் புள்ளித் தகடு, கோட்டுத் தகடு வைத்துத் தேய்த்துச் சாம்பல் நிறம் உண்டாக்குவார்கள். 1939–40இல் ரே பிராட்பரி நடத்திய நான்கு இதழ் 'ஃபியூச்சூரியா ஃபேன்டேஷியா'வில் ஹானெஸ் போக் வரைந்த அட்டைகளைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

தாள் தேர்வில்தான் அதிகம் பேர் தோற்றார்கள். சைக்ளோஸ்டைல் மை காற்றில் உலராது, தாளுக்குள் உறிஞ்சப்பட்டுத்தான் உலரும். வழவழப்பான பாண்டு தாளில் மை மேலேயே நிற்கும், அடுத்த தாள் மேலே விழுந்ததும் அதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க ஒவ்வொரு பிரதிக்கும் இடையில் ஒரு மலிவான உறிஞ்சுதாளைச் செருக வேண்டும். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் செருக. அதற்குத்தான் நண்பர்கள் தேவைப்பட்டார்கள். தனியாள் என்றால் உறிஞ்சும் தன்மையுள்ள, சற்று மங்கலான சைக்ளோஸ்டைல் தாளையே வாங்கிவிடுவது நல்லது.

உங்கள் செலவுக் கணக்குக்கு: 10 பக்கம், இருபுற அச்சு, 100 பிரதி என்றால் 500 தாள், சரியாக ஒரு ரீம். ஸ்டென்சில் பத்து. ஸ்டென்சில் 24 கொண்ட கட்டாக விற்கும், இரண்டு இதழ் போக நான்கு மிஞ்சும். கிழிந்ததற்கு அதுதான் ஈடு. முதல் பக்கத்தை எடுத்த அன்றே முதுகுப் பக்கத்தை எடுக்காமல் ஒரு இரவு விடுவது வழக்கம். ஆக, ஹெக்டோகிராஃபில் பத்து நாள் பிடித்தது இங்கே இரண்டே மாலையில் முடியும், பிரதி இரட்டிப்பு. 1930களின் கடைசியில் வார, மாத செய்தியிதழ்கள் பெருகியதற்கு ரசிகர்களின் உற்சாகத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இன்னொரு பக்கவிளைவு எழுத்துநடையில். பலர் வரைவே இல்லாமல் நேராக ஸ்டென்சிலில் யோசித்து அடித்தார்கள். பக்கத்தின் அடியில் இரண்டு வரி மிஞ்சினால் ஒரு சிறு கேலிவரியை இரு கோடுகளுக்கு நடுவே போட்டு நிரப்பினார்கள். சம்பந்தமில்லாத அந்த ஒற்றைவரிகளே பின்னால் தனி இலக்கிய வடிவம் போல ஆகிவிட்டன.

---

அரைக்காசு எழுதியது:

50 என்ற எண்ணைப் பற்றி ஒரு சேர்க்கை. 1937இல் வோல்ஹைமும் ஜான் மிஷெலும் ஃபேன்டசி அமெச்சூர் பிரெஸ் அசோசியேஷனைத் தொடங்கியபோது உறுப்பினர் உச்சவரம்பு 50. ஹெக்டோகிராஃபின் எல்லையோடு அது அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். பின்னால் 65 ஆனது. ஏற்பாடு இதுதான்: ஒவ்வொருவரும் தன் இதழின் போதுமான பிரதிகளை ஒரே பொட்டலமாக அமைப்பின் தொகுப்பாளருக்கு அனுப்புவார். அவர் எல்லாவற்றையும் கட்டுகளாக அடுக்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினருக்கு அனுப்புவார். தனித்தனியாக 50 பேருக்கு முதல் வகுப்பில் அனுப்பினால் ஒன்றரை டாலர். அஸ்டவுண்டிங் ஏழு பிரதி வாங்கும் காசு. சந்தா வசூல், முகவரிப் பட்டியல் தொல்லை இரண்டும் கிடையாது. பதிலுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 பக்கம் வெளியிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியே.

இந்த யோசனை அறிபுனை ரசிகர்களின் கண்டுபிடிப்பு அல்ல. தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம் 1876இலேயே பிலடெல்பியாவில் தொடங்கிவிட்டது. திகில்கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் 1914இல் அப்படிப்பட்ட இன்னொரு சங்கத்தில் சேர்ந்து தன் 'தி கன்சர்வேடிவ்' இதழை நடத்தினார். அந்த மரபு அச்சுக்கோத்த எழுத்தில் பெருமை கொண்டது, ரசிகர்களோ தட்டச்சில் திருப்தியடைந்தார்கள்.

கட்டுரையில் டக்கரின் மாநாட்டுப் பணிக்கு இடம் விடுங்கள். 1940 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த இரண்டாவது உலக அறிவியல் புனைகதை மாநாட்டை மார்க் ரைன்ஸ்பெர்க், எர்ல் கோர்ஷாக் இருவரோடு சேர்ந்து நடத்தியவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் மாநாட்டில் ஆறு பேரை வாசலில் நிறுத்திய சண்டை நடந்தது. ஒரு துண்டுப்பிரசுரம் அதற்குக் காரணமானது. நிறுத்தப்பட்டவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் போல்தான் 1941இல் டக்கரின் முதல் கதையை 'சூப்பர் சயின்ஸ் நாவல்ஸ்' இதழில் வெளியிட்ட ஆசிரியர். ரசிகர் இதழிலிருந்து வணிகப் பத்திரிகைக்கு இருந்த தூரம் அவ்வளவுதான். 1970இல் டக்கருக்குக் கிடைத்த, அறிபுனைக்கான ஹ்யூகோ விருது நாவலுக்கு அல்ல, ரசிக எழுத்துக்கு.

---

பழந்தாள் எழுதியது:

ஸ்கேன் கேள்விக்கு யாரும் வரவில்லை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வண்ண ஸ்கேன் தேடுங்கள். கறுப்பு வெள்ளையில் ஊதாவும் கறுப்பும் ஒன்றே. ஐயோவா பல்கலைக்கழக நூலகத்தின் ஹெவலின் தொகுப்பு, கலிஃபோர்னியா ரிவர்சைட் பல்கலைக்கழகத்தின் ஈட்டன் தொகுப்பு இரண்டிலும் பழைய ரசிகர் இதழ்கள் ஏராளம். ரசிகர் வரலாற்றுத் தளமான ஃபானாக்கில் ஸ்கேன்கள் திறந்தே கிடக்கின்றன.

கறுப்பு எழுத்து, சுற்றிலும் மெல்லிய எண்ணெய்க் கறை, அடைபட்ட 'o', மறுபக்கத்தில் முந்தைய தாளின் நிழல் என்றால் சைக்ளோஸ்டைல். ஊதா என்றால் இரண்டு வாய்ப்பு. ஹெக்டோகிராஃபில் எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும், பின்புலத்தில் பழைய பக்கத்தின் ஆவி தெரியும், தாளில் சிறு வெள்ளைக் குமிழ்ப் புள்ளிகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும். ஆல்கஹாலால் சாயத்தைத் தாளுக்கு மாற்றும் ஸ்பிரிட் டூப்ளிகேட்டர், அதாவது 'டிட்டோ', விளிம்பில் கூர்மையாக இருக்கும், பின்புல ஆவி இருக்காது. எழுத்து தாளின் முதுகில் அழுந்திப் புடைத்திருந்தால் அச்சுக்கோத்தது. எல்லா எழுத்தும் ஒரே மாதிரி பஞ்சுபோல் மங்கியிருந்தால் கார்பன் பிரதியாக இருக்கலாம், அதில் ஐந்தாறுக்கு மேல் தேறாது. ஒரே இதழுக்குள் அட்டை ஒரு முறை, உள்ளே வேறு முறை என்பது சர்வசாதாரணம். அதனால் "லெ ஸோம்பி இந்த முறையில் அச்சானது" என்று மொத்தமாக எழுதாமல் இதழ் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மூலப்பிரதி கையில் கிடைத்தால் நான்கு விஷயம். ஊதாச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும், ஒருமுறை வெளுத்தது திரும்பாது. ஆகவே ஒரே தடவை, 400 டிபிஐ, முழு வண்ணத்தில் ஸ்கேன் செய்து மூடிவிடுங்கள். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும். ஈரம், ஆல்கஹால் இரண்டும் அருகில் வரக் கூடாது, அனிலின் சாயம் இரண்டிலும் கரையும். பிவிசி உறையும் கூடாது, அதை மென்மையாக்கும் பொருள் சாயத்தை இழுக்கும். பாலியெஸ்டர் உறை அல்லது அமிலமற்ற தாள் உறை நல்லது, ஹெக்டோ பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவே அமிலமற்ற இடைத்தாள் வையுங்கள்.

துருப்பிடித்த பின்னைப் பிடுங்கும் கருவியால் இழுக்காதீர்கள், மரக்கூழ்த் தாள் அப்படியே கிழிந்து வரும். முதுகுப் பக்கத்தில் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முன்பக்கமாக நேராகத் தூக்குங்கள். கம்பிப் பின்னுக்கு எதிராகக் கழகம் கண்டவரின் இதழை இப்படிப் பிரிக்கும்போது, கேலியாகத் தொடங்கிய அந்தப் போரில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே தோன்றும்.

---

தாளடி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தொடக்கப் பத்தி இப்போது கடிதப் பகுதி முகவரிகளிலிருந்து கிளம்புகிறது. 10 பக்கத்துக்குப் பத்து நாள், ஒரு ரீமுக்கு 100 பிரதி இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில். பழந்தாள் சொன்னபடி லெ ஸோம்பியின் முதல் சில இதழ்களை வண்ண ஸ்கேனில் பார்த்துவிட்டு, இதழ் எண்ணோடு இங்கேயே பதிவிடுகிறேன்.